கண்ணாடியில் கட்டிய போர்வை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவள் நான்தான். வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்றில் ‘வெளிச்சம் தடையின்றி நடமாடும் வீடு’ என்று எட்டுப் பக்கம் எழுதினேன். அதில் விட்டுப்போன ஒரு மனிதரை இங்கே எழுதப் பார்க்கிறேன்.

2

பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடி, பூசாத செங்கல் சுவர், பதினைந்தடி உயரத்தில் இரும்பு உத்திரம், அதன் கீழே தேன் நிறத் தோல் சோபா

வேண்டாம். இது பத்திரிகைக்காரியின் கை. இப்படித் தொடங்குகிறேன்: அந்த வீட்டில் குளியலறையைத் தவிர எதற்கும் கதவு கிடையாது.

(இத்தகைய வீட்டுக்கு லாஃப்ட் என்று பெயர். நமக்கு லாஃப்ட் என்றால் உடைந்த ஃபேனை ஏற்றிவைக்கும் பரண். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.)

அங்கே கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவனின் அப்பாவும் இருந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவருக்காகக் கூடத்தின் ஓரத்தில் கண்ணாடிச் சுவர் வைத்து ஓர் அறை. துணி மாற்றுவது, உடம்பு துடைப்பது எல்லாம் கூடத்திலிருந்தே தெரியும். பெரியவர் கூசிப்போனார். மருமகள் ஒரு நீலப் போர்வையை எடுத்துக் கண்ணாடிக்குக் குறுக்கே கட்டிவிட்டாள்.

3

வீட்டை வடிவமைத்தவரை வில்லனாக்கி மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அவர் வில்லனில்லை. “வெளிச்சம் பட்டா பெரியவர் சீக்கிரம் தேறிடுவார்” என்று மனதார நம்பியவர். படமெடுக்கப் போன அன்று போர்வையைக் கண்டு முகம் சுருங்கினார். தொடவில்லை.

அதை அவிழ்த்தவர்

(இந்த வாக்கியத்தை இரண்டு நாள் இப்படியே விட்டிருந்தேன்.)

அவிழ்த்தது நான். கணவன் வேலைக்குப் போயிருந்தான், மருமகள் மருந்துக்கடைக்கு.

“அது இருக்கட்டும்மா” என்றார் பெரியவர்.

“பத்தே நிமிஷம் ஐயா. படம் எடுத்ததும் கட்டிடறேன்.”

கட்டிலை மூலைக்குத் தள்ளினோம். படத்தில் அவர் விழவில்லை. படமெடுக்க வந்து கூடத்தில் நின்ற ஆறு பேர் கண்ணிலும் விழுந்தார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் படுக்கை நனைந்தது. விளக்குப் பிடித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் நல்ல கையால் தன் கண்களை மூடிக்கொண்டார்.

போர்வையை நான் திரும்பக் கட்டவில்லை. மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். அழகாகத்தான் மடித்தேன்.

4

அன்று முதல் அவர் தண்ணீரைக் குறைத்தார். மருமகள் டம்ளரை நீட்டினால், “தாகமில்லம்மா.” குடித்தால் யாராவது துடைக்க வேண்டுமே. பிறகு காய்ச்சல், ஆஸ்பத்திரி. சிறுநீரகம் கைவிட்டது. பதினெட்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரம் பத்திரிகை வந்தது.

[வேறொரு முடிவு: அவர் பிழைத்து, கதவுள்ள அறைக்கு மாறுகிறார். முழுப் பக்கம் எழுதினேன். கை கூசியது. அடித்துவிட்டேன்.]

5

மருமகள் தொலைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மாமா காய்ச்சல்ல ‘போர்வையை எடுத்துட்டா, எடுத்துட்டா’ன்னு பொலம்பிட்டே இருந்தார். என்னைத்தான் சொல்றார்னு இவர் நெனைச்சுட்டார். ‘ஃபோட்டோவுக்காக எங்கப்பா மானத்தை வாங்கிட்டியே’ன்னு கேட்டார். அதோட பேச்சு நின்னுபோச்சு. இந்த வீட்ல எங்கே திரும்பினாலும் இவர் முகம்தான் தெரியுது. ஆனா பேசமாட்டார். நீங்க அன்னைக்கு இருந்தீங்கல்ல? யார் எடுத்தாங்கன்னு இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?”

“சொல்றேம்மா” என்றேன்.

நான்கு மாதம் ஆகிறது. சொல்வதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய கணவன் கதை படிக்கிற ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில், முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன் என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். எழுதியும் பார்த்தேன். ஆனால் அவனுடைய தொலைபேசி எண் உங்களிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது.