சூரியனின் முதுகு

இருட்டிய பிறகு பெண்பிள்ளை தனியாகக் களத்துக்குப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் கையில் தொலைநோக்கி கிடைத்தும் எனக்கு வாய்த்த நட்சத்திரம் ஒன்றுதான். சூரியன்.

தொலைநோக்கி அப்பா வாங்கியது. போர் முடிந்து ஆவடி ராணுவ முகாமில் சாமான்களை ஏலம் விட்டார்கள். குத்தம்பாக்கத்து ஏரிமடையை யார் திருட்டுத்தனமாகத் திறக்கிறார்கள் என்று மாடியிலிருந்தே கண்டுபிடிக்கலாம் என எடுத்து வந்தார். இரண்டு நாள் பார்த்தார். யாரும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அது நெற்குதிருக்குப் பக்கத்தில் கிடந்தது. பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டு வரனுக்காகக் காத்திருந்த நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அதன் வழியே சூரியனைக் கண்ணால் பார்த்தால் பார்வை போய்விடும். களத்தில் நின்ற மாட்டுவண்டியின் பக்கக் கழியில் குழாயைக் கயிற்றால் கட்டி, குழாயின் நிழல் சிறு வட்டமாகச் சுருங்கும்வரை திருப்பினேன். ஒரு முழம் தள்ளி, முறத்தில் ஒட்டிய வெள்ளைத்தாளில், உள்ளங்கை அகலத்துக்கு ஒளிவட்டம் விழுந்தது. அதன் நடுவே கறுப்பாக ஒரு கொத்துப் புள்ளி. தூசி என்று கண்ணாடியைத் துடைத்தேன். போகவில்லை. கண்பக்கத்து வில்லையைத் திருகினேன். புள்ளி கூடவே திரும்பவில்லை. தூசியல்ல. அது 1947ஆம் வருடப் பங்குனியின் கடைசி வாரம்.

தினமும் காலை எட்டு மணிக்கு வட்டம் போட்டுப் புள்ளிகளைக் குறித்தேன். நான்காம் நாள் தாள்களை அடுக்கிப் பார்த்தால், கொத்து மேற்கு ஓரத்தை நோக்கி நகர்ந்திருந்தது. சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அதை என் பென்சில் சொன்னபோதுதான் நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வராது.

அன்றுதான் குப்பம்மா வந்தாள். எங்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவள். அவள் மகள் சொர்ணத்துக்கு எட்டு வயது. ஐந்து நாளாக அம்மை. அம்மை கண்ட வீட்டார் அடுத்தவர் வாசலை மிதிப்பதில்லை. வேலியோரம் வேப்பிலை ஒடிக்க வந்தவள் அங்கேயே நின்றாள்.

“இன்னா சின்னம்மா அது, மொறத்துல வெளிச்சம்?”

“சூரியன்.”

முறத்தை அவள் பக்கம் சாய்த்தேன். எட்டிப் பார்த்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அவுருக்கும் முத்து போட்டுகீதே. எப்போ எறங்கும்?”

“வருஷப் பொறப்பன்னிக்கு ஓரத்துக்குப் போயிடும். அப்புறம் தெரியாது.”

“அவுருக்கு எறங்கற அன்னிக்கு எம்பொண்ணுக்கும் எறங்கிடும்.”

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகம் தெளிந்ததைக் கெடுக்க மனமில்லை என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வாய் வரவில்லை.

தினமும் வந்தாள். ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தாள். “சொர்ணம் கேக்கறா, சொறியக்கூடாதுன்னு அவுரு கையயும் கட்டி வெச்சிகீறாங்களான்னு.”

வருடப்பிறப்புக்கு முதல் நாள் கொத்து ஓரத்தில் ஒரு கோடாக ஒட்டியிருந்தது.

“நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திடறேன் சின்னம்மா. மஞ்சளும் அரைச்சு வெச்சிட்டேன்.”

“ஜுரம் விட்டுடுச்சா?”

“ஒடம்பு அனலாத்தான் கீது. அதனால இன்னா? அவுருக்கே எறங்கிடுச்சே.”

அனலாய்க் கொதிக்கும் குழந்தையின் தலையில் என் கணக்கை நம்பித் தண்ணீர் ஊற்றப்போகிறாள்.

“எறங்கல குப்பம்மா.”

“இன்னா?”

வைக்கோற்போரின்மேல் கிடந்த பூசணிக்காயை எடுத்தேன். பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அவள் பார்க்க மெல்லத் திருப்பினேன். புள்ளி ஓரத்துக்குப் போய் மறைந்தது.

“போயிடல. பின்னாடி இருக்கு. நாளைக்கு மொகம் சுத்தமா தெரியும், அவ்வளவுதான்.”

அவள் பூசணிக்காயையே பார்த்தாள். பிறகு என்னை.

“அப்போ இத்தினி நாளா இன்னாத்துக்கு என்னைப் பாக்க வெச்சே? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?”

சின்னம்மா என்று சொல்லவில்லை.

வேப்பங்கொத்தை வேலியில் தட்டித் தட்டி இலை உதிர்த்தாள்.

“அப்போ முதுகுல கீது.”

“ஆமா.”

“சொர்ணத்துக்கும் மூஞ்சி ஆறிடுச்சி. முதுகுலதான் காயாம நீராவே நிக்குது.” கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டாள். “ஊத்தல. காயட்டும்.”

வருடப்பிறப்பன்று சூரியனின் முகம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அடுத்த நாட்களில் குப்பம்மா வரவில்லை. அவர்கள் தெருப்பக்கமிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் காது கொடுத்தேன். பத்தாம் நாள், சொர்ணத்துக்கு அம்மை இறங்கி மூன்று தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது என்று கூலியாட்கள் பேசிக்கொண்டு போனார்கள். அன்றுதான் நான் பசித்துச் சாப்பிட்டேன்.

சித்திரை பதினைந்தாம் தேதி, கிழக்கு ஓரத்தில் கொத்து மறுபடி எட்டிப் பார்த்தது. சிறுத்திருந்தது. அன்று வேலியோரம் இரண்டு பேர் நின்றார்கள். சொர்ணத்தின் முகம் முழுக்கத் தழும்பு. கண் இரண்டும் நன்றாக இருந்தன.

“இன்னும் ஆறலயா அவுருக்கு?” என்றாள் சொர்ணம்.

“எப்படி ஆறும்?” என்றாள் குப்பம்மா. “தெனம் விடிஞ்சா வேலைக்கு வந்துடறாரு. படுத்தாத்தானே ஆறும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும், “அது அம்மையே இல்ல குப்பம்மா” என்றேன். அது என்னவென்று எனக்கே பாதிதான் தெரியும். “கிட்ட வாங்க. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.”

சொர்ணம் முதலில் வந்தாள்.