மொட்டைக் கடுதாசியின் கடைசி வரி

அமரர் ஊர்தி கீரப்பாளையம் தாண்டிக் காலனிக்குள் திரும்பியபோது எழிலரசியின் கண்ணில் முதலில் பட்டது பேனர்தான். மின்கம்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் அப்பா கக்கத்தில் கட்டையை ஊன்றி முழு உருவமாக நின்றார். கண்ணீர் அஞ்சலி. சி. அந்தோணிசாமி, பேரூராட்சி நியமன உறுப்பினர். தோற்றம் என்ற இடத்தில் தேதி அச்சாகியிருந்தது. மறைவு என்ற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, இன்றைய தேதியை மார்க்கரில் எழுதியிருந்தார்கள்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது விடியற்காலை நாலே முக்காலுக்கு. இப்போது ஆறரை. எந்த பேனர் கடையும் ஒன்பதுக்கு முன்னால் ஷட்டரைத் தூக்காது.

பேனருக்குக் கீழே பக்கிரி நின்றிருந்தார். வார்டு கவுன்சிலர். கையில் மிச்ச நைலான் கயிறு இருந்தது.

எழிலரசி தோளில் கிடந்த ரெக்சின் பையை முன்பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளும் அப்பாவின் தலைமாட்டில் இருந்த பை அது. காலனியின் முப்பத்தொரு வீட்டுக் குடும்ப அட்டைகளும் அதற்குள் இருந்தன. கப்பலில் வந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் கொடுத்த அட்டைகள். மனைப் பட்டா கேட்க அந்த வீடுகளுக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். நாளை பதினொரு மணிக்குக் கடலூர் கலெக்டர் ஆபீசில் விசாரணை. அசலைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். மனையை வளைக்க நாலு பேர் கண் வைத்துக் காத்திருக்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் அப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசியது, "பைய விட்றாத" என்பதுதான்.

அந்தோணிசாமிக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில். பதினைந்து வயதில் ராமேசுவரத்தில் அவருடைய அப்பாவின் முதுகில் வந்து இறங்கினார். காலனிக்காரர்கள் எல்லாரும் கரும்பு வெட்டப் போனார்கள், செங்கல் சூளைக்குப் போனார்கள். கட்டையை வைத்துக்கொண்டு கரும்பு வெட்ட முடியாது. அதனால் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து மனு எழுதினார். முப்பது வருடம். ஊனமுற்றோர் சங்கம் ஆரம்பித்தது, பேங்கு வாசலில் சாய்தளம் போடச் சொல்லி மூன்று நாள் படியிலேயே உட்கார்ந்தது எல்லாம் அந்தப் பலகையிலிருந்து வந்தவைதான். மாற்றுத்திறனாளிக்கு ஒரு உறுப்பினர் பதவி என்று சட்டம் வந்தபோது பேரூராட்சியில் அவருக்கு நாற்காலி கிடைத்தது.

அவர் எழுதிய எந்த மனுவிலும் 'பாதம் பணிந்து' இருக்காது. எனக்கே காலு சரியில்ல, அடுத்தவன் கால நான் எங்க புடிக்கிறது என்பார். 'உரிமையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்றுதான் முடிப்பார்.

பதவி வந்த மறுமாதமே கடலூருக்கு மொட்டைக் கடுதாசி போனது. இவர் சிலோன்காரர், இந்தியக் குடிமகனே அல்ல, நியமனத்தை ரத்து செய்ய வேண்டும். அப்பா பழைய பாஸ்போர்ட்டோடு இரண்டு தடவை போய் நின்றார். ஆபீசில் கொடுத்த கடுதாசி நகலை எழிலரசியும் படித்தாள். அதன் கடைசி வரி, 'உரிமையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அப்பா சிரித்தார். நம்மகிட்ட கத்துக்கிட்ட பயதான் எவனோ என்றார். அவள் சிரிக்கவில்லை. அந்த நாற்காலிக்கு மனு போட்டவர்களில் பக்கிரியின் மச்சானும் ஒருவன். ரைஸ் மில்லில் ஒரு கையை இழந்தவன். இனி அது காலி நாற்காலி.

வீட்டுக்குள் அம்மா ஆரோக்கியம்மாள் யாரையும் தொட விடவில்லை. அவளே அவர் காலில் மாட்டியிருந்த இரும்புக் காலிப்பரைக் கழற்றினாள். தொடையில் தோல்வார் அழுத்திய கறுப்புத் தடம், நாற்பது வருடத்துத் தடம். ஈரத் துணியால் அதைத் துடைத்தாள். போகாது என்று தெரிந்தும் மறுபடி துடைத்தாள்.

வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டு, உட்காரும்போது பையைப் பார்த்தார்கள். அட்டை பத்திரமா இருக்கா பாப்பா என்று ஒருத்தி காதோடு கேட்டாள். எங்க வூட்டுத மட்டும் குடுத்துடேன் என்று இன்னொருவர் கேட்டார். நாளைக்கு வேண்டும் என்றாள் எழிலரசி. நாளைக்கு யார் போவது என்று அவர் கேட்டார். அவள் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். விசாரணைக்கு உள்ளே விடுவது மனுதாரரையோ, உறுப்பினரையோதான் என்று அவளுக்குத் தெரியும். மனுதாரர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார்.

மூன்று மணிக்குப் பக்கிரி கொல்லைப் பக்கம் வந்தார். காலையிலிருந்து பந்தல், நாற்காலி, சவப்பெட்டி எல்லாம் அவர் பொறுப்பில்தான் நடந்தன. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பைய எங்கிட்ட குடும்மா. காலையில எட்டு மணி வண்டிக்கு நான் போயிடறேன்."

"பேனரு எப்ப அடிச்சீங்க மாமா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"அப்பா உசுரோட இருக்கறப்பவே அடிச்சி வச்சிட்டீங்களா?"

"நான் அடிக்கல. அவுருதான் அடிச்சாரு."

எழிலரசி வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போய், பேனரின் கீழ் மூலையில் பொடியாக இருந்த கடை நம்பரைப் போனில் தட்டினாள். பக்கிரி பின்னாலேயே வந்து நின்றார். கடைக்காரர் தேவநாதன் என்று பேர் சொன்னார். அந்தோணி சார் மூணு சக்கர வண்டியில் வந்தார், இரண்டு மாசம் இருக்கும், போட்டோவும் அவரே கொடுத்தார் என்றார். அப்புறம், சார் நல்லா இருக்காரா என்று கேட்டார். அவள் போனை அணைத்தாள்.

"பாண்டிச்சேரில டாக்டரு கிட்னி ரெண்டும் போச்சின்னு சொன்னாரில்ல, அன்னைக்கி திரும்பி வரச்சொல்ல" என்றார் பக்கிரி. "இந்த பேனரு கடப் பசங்கள வுட்டா இடுப்போட வெட்டிப்புடுவானுவோ, கட்டையோட முழுசா போடணும்னாரு. தேதி மட்டும் நீ எழுதிக்கடான்னாரு. மறுநா அவுரே போயி அடிச்சிட்டு வந்து எங்கிட்ட குடுத்தாரு."

பாண்டிச்சேரி. சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போன நாட்கள். அவள்தான் சட்டை தேய்த்துக் கொடுத்தாள்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"உங்கம்மா தாங்காதுன்னாரு."

"நான்?"

"உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல."

தெருக்கோடியில் மாதா கோயில் மணி ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தது. பக்கிரி கையிலிருந்த கயிற்றுத் துண்டை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"அந்த மொட்டக் கடுதாசி போட்டதும் நான்தான். நீ கேக்கறதுக்கு முன்ன நானே சொல்லிடறேன். மச்சான் வூட்ல ஒரே நச்சு. கவுன்சிலரா இருந்து என்னா கிழிச்சன்னு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இப்படி ஒன்றை ஒத்துக்கொள்கிறவன் இன்னொன்றை மறைக்கத்தான் ஒத்துக்கொள்கிறான் என்று தோன்றியது.

"அண்ணனுக்குத் தெரியும், மனு எழுதவே அவுருகிட்டதான கத்துக்கிட்டேன். நகலு பாத்த மறுநாளே வூட்டுக்கு வந்தாரு. வண்டிய விட்டு எறங்கல. மனுவுல 'பொருள்' போட்ட, சரி, கீழ 'பார்வை' எங்கடான்னு கேட்டாரு. அவ்ளோதான் கேட்டாரு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போவணும், வாடகைக்கு ஒரு காரு புடின்னாரு. என்னத்தான் கூப்பிட்டாரு. என்னால மாட்டேன்னு சொல்ல முடியாதில்ல."

"அப்பா பைய விட்றாதன்னு சொன்னாரு" என்றாள் எழிலரசி.

"எங்கிட்ட, நீ பைய வாங்கிக்கன்னு சொன்னாரு."

"எப்ப?"

"முந்தாநேத்து. நீ டீ வாங்கப் போனப்ப." அவர் மூக்கை உறிஞ்சினார். "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஒருத்தர மட்டும் நம்புனா அது அவுரு இல்ல."

இது உண்மையாக இருக்கலாம். அப்பா சொல்லக்கூடியதுதான். அப்பாவோடு நாற்பது தடவை காரில் போய் வந்தவனுக்கு அப்பா எப்படிப் பேசுவார் என்பதும் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் தினமும் நாலு மணிக்கு டீ வாங்கப் போனாள். அது அந்த வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

"உங்க கவுன்சிலரு கார்டுல எத்தினி பேரு உள்ள போலாம்?"

"ரெண்டு பேரு போலாம். என்கூட ஒரு ஆள கூட்டிக்கிட்டுப் போலாம்."

"எட்டு மணி வண்டின்னா ஏழே முக்காலுக்கு ஸ்டாப்புல இருப்பேன்."

பக்கிரி கயிற்றுத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கல்லறைத் தோட்டம் வாய்க்கால் ஓரம். இரண்டு மூன்று அடியிலேயே ஈரம் கசிந்தது. உபதேசியார் கடைசி ஜெபத்தை முடித்தார். அம்மாவை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, கையைத் தட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு நகர்ந்தாள். அடுத்தது எழிலரசி. குனிந்தபோது பை முன்னால் சரிந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையில் மண்ணை அள்ளினாள்.

"ரெண்டு கையாலயும் போடும்மா" என்றார் உபதேசியார். "அப்பாவுக்கு."

குழிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கிரி கையை நீட்டினார். பையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. கை மட்டும் நீண்டு நின்றது. காலனி முழுக்க அந்தக் கையைப் பார்த்தது.

எழிலரசி பையைத் தோளிலிருந்து கழற்றினாள். ஈரம் இல்லாத இடமாகப் பார்த்துத் தன் காலடியில் வைத்தாள். செருப்பை உதறிவிட்டு, பையின் வாரை வெறுங்காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டாள்.