பஞ்சு ஒட்டாத தாடை

கார்க் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அந்தப் பட்டறையில் தாடிக்கு இடம் கிடையாது. பெயின்ட் புகை நெஞ்சுக்குள் போகாமல் இருக்க முகமூடி தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் முடி நின்றால் ஓட்டைதான். இதைக் கவனிக்கவே ஒரு பாதுகாப்பு அதிகாரி இருந்தார். காலையில் வாசலில் நின்று, முகமூடி போடும் ஒவ்வொருவர் முகத்திலும் காதடியில் தொடங்கிச் சட்டைக் காலர் வரை பஞ்சால் தேய்ப்பார். இழை எங்காவது சிக்கினால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் பட்டறையில் யாருக்கும் நினைவில்லை. பஞ்சு சார் என்றால்தான் தெரியும்.

அங்கிருந்த ஒரு பெயின்டருக்கு மட்டும் பஞ்சு சிக்கியதே இல்லை. முடி வளரும் போக்குக்கு எதிராக, கீழிருந்து மேலாக, ரத்தம் கசியும்வரை அழுத்தி வழிப்பான். பழைய பிளேடைத் தூக்கிப்போட மனசு வராது. மழுங்கினால் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும் என்பான். முடிந்ததும் லோஷனைக் கை நிறைய ஊற்றி அறைந்துகொள்வான். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது அவன் கட்சி. பலனாகக் கழுத்தும் தாடையடியும் செக்கச்செவேலென்று தடித்துக் கொப்புளம் கொப்புளமாக நின்றன. காலர் பட்டாலே உயிர் போனது.

அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பான். முகமூடிச் சோதனையில் மாட்டிக்கொண்டான். மூடியைப் போட்டு, தலைக்கு மேல் ஒரு உறையைக் கவிழ்த்து, அதற்குள் இனிப்புத் தண்ணீரைப் புகை மாதிரி பீய்ச்சுவார்கள். நாக்கில் இனித்தால் மூடியில் ஓட்டை இருக்கிறது, தோல்வி. பெயின்டருக்கு நன்றாகவே இனித்தது.

"மாசக் கடைசியில இன்னொரு தடவை பார்ப்போம்," என்றார் பஞ்சு சார். "அதுவரைக்கும் வெளிய, பெயின்ட் படக் கூடாத இடத்துல தாள் ஒட்டற வேலை பாரு. அன்னிக்கும் இனிச்சா பேக்கிங்தான். நல்லா ஒட்ட வழிச்சிக்கிட்டு வாப்பா."

பேக்கிங் என்றால் காலம் முழுக்க அட்டைப் பெட்டி மடிப்பது. பெயின்டர் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அந்தக் கை அட்டைப் பெட்டி மடிப்பதா? பஞ்சு சார் சொன்னபடி இன்னும் ஒட்ட வழித்தான். தாடையடி இன்னும் தடித்தது.

இத்தனைக்கும் விஷயம் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருந்தது. அவன் மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு முடி வழித்துத் தயார் செய்பவள். முன்பு ஒருநாள் அவள், "மேல்பக்கமா இழுக்காதீங்க, தோல் கெட்டுடும்," என்று வாய் திறந்தபோது, "நீ வழிக்கிறது மயக்கத்துல கிடக்கிறவங்களுக்கு. அவங்க எந்திரிச்சு எரியுதுன்னா சொல்லப் போறாங்க?" என்று சிரித்துவிட்டான். அவள் பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் சமையல், துணி, கரண்ட் பில் எல்லாம் பேசினாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதுதான் அவனுக்கு லோஷனைவிட அதிகம் எரிந்தது.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீம்பு இறங்கியது. முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றான்.

"அன்னிக்கு உன் வேலையைப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவள் அடுப்பை அணைத்தாள். "மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடிதான் வழிப்போம். எல்லாரும் முழிச்சுத்தான் இருப்பாங்க, பயத்துல நடுங்கிக்கிட்டு. இத்தனை வருஷத்துல அதையாவது ஒருநாள் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. பெயின்டருக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, அதை மாட்டுங்க," என்றாள். புருவத்துக்குத் தீட்டும் பென்சிலை எடுத்து வந்து, மூடியின் ரப்பர் விளிம்பைச் சுற்றி அவன் தோலில் கோடு போட்டாள். மூடியைக் கழற்றி அவனைக் கண்ணாடி முன் நிறுத்தினாள். கோடு மூக்கின் மேல் ஏறி, கன்னத்தில் இறங்கி, தாடையடியில் முடிந்திருந்தது.

"நாங்க கோடு போடாம கத்தியை எடுக்க மாட்டோம். கழுத்து கோட்டுக்கு வெளிய கிடக்கு. அதை யாருக்காக வழிக்கிறீங்க?"

"பஞ்சு சாருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தாடையடியைத் தொட்டுப் பார்த்தாள். "இங்கதான் ரப்பர் உட்காரணும். இது மேடும் பள்ளமுமா இருந்தா எப்படி உட்காரும்? நீங்க வழிக்க வழிக்க ஓட்டை பெருசாகுது."

லோஷன் குப்பைக்குப் போனது. வாரம் முழுக்கப் பிளேடைத் தொடக் கூடாது, ஈரத்துணியைத்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு. கழுத்து முடியைக் கத்தரியால் குறைத்ததோடு சரி.

சோதனை நாள் காலையில் அவளே வழித்தாள். வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டுக் காத்திருந்தாள். நுரை பூசி, புதுப் பிளேடால், முடி படுத்திருக்கும் பக்கமாகவே, அழுத்தாமல் இழுத்தாள். அவனுடைய விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கியிருந்ததைப் பார்த்து, "பயப்படாதீங்க, இதோ முடிஞ்சிடும்," என்றாள். ஆஸ்பத்திரியில் பேசும் குரல் அது. அவன் அதைக் கேட்பது அதுவே முதல் தடவை. இத்தனை பேருக்குக் கிடைத்த குரலை, ஒரே வீட்டில் இருந்தும் கேட்காமல் விட்டோமே என்று நினைத்துக்கொண்டான்.

பட்டறையில் பஞ்சு கன்னத்தில் வழுக்கி, தாடையில் வழுக்கி, கழுத்தில் சிக்கியது.

"என்னப்பா இது?"

"மூடி அங்க உட்காரலையே சார்."

பஞ்சு சார் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன் முகத்தில் மாட்டிவிட்டு, உறையைக் கவிழ்த்துப் பீய்ச்சினார்.

"இனிக்குதா?"

"இல்ல சார்."

மறுபடி பீய்ச்சினார். இனிக்கவில்லை. உறையை எடுத்துவிட்டுத் தன் காலர் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார். மற்றவர்களுக்கு முன்மாதிரியாகத் தானும் தினமும் ஒட்ட வழிக்கப்போய், அவர் கழுத்தும் பெயின்டருடையதைப் போலவே புண்ணாகிக் கிடந்தது.

"யாருப்பா உனக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

"என் வீட்டுல," என்றான் பெயின்டர். "ஆபரேஷனுக்கு முன்னாடி வழிக்கிறவங்க சார். முழிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு."