இடது காலுக்கு வேலையில்லாத கார்

அழகுமலைக்கு வண்டி ஓட்டிய அலுப்பைவிட, திருடன் என்ற பார்வையைச் சுமந்த அலுப்புதான் பெரிசு.

சீமைக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து திருக்கோகர்ணத்துக் கல்குவாரி காண்டிராக்டர் ஆத்மநாதன் வாங்கிய கார் அது. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். வீதியில் போனால் ஊரே வாயைப் பிளக்கும். ஆனால் அது பெட்ரோல் குடித்த குடி இருக்கிறதே, அப்பப்பா! துரை சொன்னது ஒன்று, இங்கே ஆகிற செலவு ஒன்று. டிரைவர் அழகுமலைதான் உறிஞ்சி விற்கிறான் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார். இந்த மாசமும் இப்படியே போனால் நின்றுகொள் என்றும் சொல்லிவிட்டார். திருட்டுப் பட்டத்தோடு நின்றவனை நம்பி இந்த வட்டாரத்தில் எவன் சாவியைக் கொடுப்பான்? அழகுமலைக்குச் சோறு இறங்கவில்லை.

அவனும் என்னதான் செய்யவில்லை! வேகத்தைக் குறைத்தான். ஆக்ஸிலேட்டரைப் பதமாக மிதித்தான். நின்ற இடத்தில் இன்ஜினை அணைத்தான். எதற்கும் அந்தக் கார் மசியவில்லை.

ஒருநாள் குன்றாண்டார்கோவில் போகும் வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது, பின்னால் கல் லாரி ஓட்டிவந்த குழந்தைசாமி இறங்கி வந்தான்.

"என்னண்ணே, நார்த்தாமலையிலேருந்து ஒங்க செவப்பு வெளக்கு அணையவே இல்லையே. பிரேக்கு மேலயே காலு வச்சிருக்கீங்களா?"

அழகுமலை சீட்டில் இருந்தபடியே குனிந்து காலைப் பார்த்தான். இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டும் பார்த்தான், கொதித்தது. அட பாவி காலே! காலமெல்லாம் பஸ்ஸில் கிளட்ச் மிதித்தே பழகிய இடது கால், இங்கே வேலையில்லாமல் போகவும் அகலமான பிரேக் கட்டை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கால் போ என்கிறது, மறு கால் நில் என்கிறது. பெட்ரோல் பின்னே எங்கே நிற்கும்?

அன்று முதல் இடது காலை மடக்கி சீட்டுக்கடியில் செருகிக்கொண்டு ஓட்டினான். கால் மரத்துப்போனது. ஆனால் பெட்ரோல் நின்றது. மாசக் கடைசிவரை பொறுத்து, முதலாளி கூப்பிட்டதும் சந்தோஷமாகவே போனான்.

"பாத்தியா அழகுமலை, ஒரு அதட்டுப் போட்டதும் பெட்ரோல் மிஞ்சுது. போகட்டும், நீ புள்ளகுட்டிக்காரன். நான் மனசுல வச்சுக்கல. வேலையில இரு."

"ஐயா, நான் எடுக்கலைங்க. என் எடது காலுதான் பிரேக்கு மேலயே இருந்துருக்கு. அதுலதான் அம்புட்டும் போச்சு."

ஆத்மநாதன் பக்கத்தில் நின்ற மனைவி சொர்ணவல்லியைப் பார்த்துச் சிரித்தார்.

"அதான் விட்டுட்டேன்னு சொல்றேன்ல. எதுக்கு இன்னும் கதை சொல்ற?"

சாவியை அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்துவிடலாமா என்று நினைத்தான். போட்டால், மாட்டிக்கொண்டவன் ஓடிவிட்டான் என்பார்கள். கார்க் கதவைத் திறந்துவிட்டான். இருவரும் ஏறினார்கள்.

இடது காலை மடக்கிச் செருகிக்கொண்டு அழகுமலை காரை அலுங்காமல் நகர்த்தினான். பின்சீட்டில் முதலாளி, ஒருத்தனைத் திருத்திவிட்டதை வழி நெடுகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.