ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் ஒரு தாடை

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. ஒரு பீரோவின் தலைப்பக்கத்தைப் பிடித்தபடி நான் பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்தேன். அடிப்பக்கத்தைத் தாங்கியவர் என் அக்கா வீட்டுக்காரர். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைத் தூக்கிக் கொடுப்பதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. மேலே போகிறவனுக்கு முதுகில் கண் கிடையாது. கீழே இருக்கிறவர் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துச் சொல்வதை நம்பித்தான் அவன் கால் வைக்க வேண்டும். அன்றைக்கு "காலை எடு" என்ற குரல் வரவில்லை. பீரோ என் கால் பெருவிரல்மேல் உட்கார்ந்தது.

நான் போட்ட சத்தத்தில் அந்தக் கட்டடமே எட்டிப் பார்த்தது. பிறகு பீரோவைச் சுற்றி வந்து பார்த்தால், அவர் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து அப்படியே நின்றிருந்தது. சொல்ல வந்ததைச் சொல்ல அது போதவில்லை.

ஆக, கதையில் வருகிற மைத்துனன் நான்தான். ஆனாலும் அவனை "அவன்" என்றே எழுதப்போகிறேன். பின்னோக்கி நடக்கிறவன் தன்னைப் பார்ப்பதில்லை. [இந்த வரி கொஞ்சம் மினுக்குவதால் அடிக்கப் பார்த்தேன். பொய்யில்லை என்பதால் விட்டுவிட்டேன்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மனித உடம்பில் தாடைத் தசைக்கு இருக்கும் வலிமை வேறெந்தத்"

நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தது அது. கஷ்டப்பட்டுப் படித்ததை எல்லாம் கதையில் போட்டுவிட வேண்டும் என்று ஒரு ஆசை வரும். வரட்டும், போகட்டும்.

அடுத்தது: "காலை வெயில் ஸ்கேன் மையத்தின் கண்ணாடிக் கதவில் பட்டுத் தெறிக்க, கனத்த மனதோடு அவர்"

வெயிலே இல்லை. மூட்டமாக இருந்தது. மனது கனத்ததா என்றும் தெரியாது. எங்கள் தொழிலில் கனம் என்றால் அது வேறு.

மூன்றாவது: "ஹார்னுக்கு வாய் பூட்டிக்கொண்டது."

இது நிற்கட்டும். ஹார்ன் என்பது அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர். தெருவில் நிற்கிற வண்டிக்காரருக்கு நாலாவது மாடியிலிருந்து அவர் குரல் கேட்கும். படி, திரும்பு, சாய், நில். அந்தக் குரலை நம்பி ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடக்கலாம். அப்படிப்பட்ட ஆளுக்கு இடது கன்னம் புடைத்து, காதோரம் வலித்து, கொட்டாவி விடக்கூட வாய் திறக்கவில்லை.

டாக்டர் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். "தசை மாதிரியும் இருக்கு, கட்டி மாதிரியும் இருக்கு. ஸ்கேன் எடுத்தாத் தெரிஞ்சிடும்."

தசை என்றால் ஹார்ன் திரும்ப ஒலிக்க வாய்ப்புண்டு. கட்டி என்றால் கதை வேறு. அவருக்கு அன்று தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.

3

அதற்குமுன் டாக்டர் சில கேள்விகள் கேட்டார்.

"ராத்திரி தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பீங்களா?"

ஹார்ன் மனைவியைப் பார்த்தார். அக்கா சொன்னாள்: "குறட்டை விடவே அவருக்கு நேரம் பத்தல டாக்டர். பல்லு எங்க கடிக்க?"

"பாக்கு, புகையிலை? சூயிங்கம்?"

"ஒண்ணும் கிடையாது சார்."

எல்லாமே உண்மையான பதில். பீரோ கட்டுகிற கயிற்றைப் பற்றி* யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் சொல்லவில்லை.

* பீரோவைச் சுற்றிக் கயிறு கட்டினால் ஒரு நுனி மீந்து தொங்கும். இரண்டு கையும் பாரத்துக்கு அடியில் இருக்கும்போது அந்த நுனி காலில் சிக்கும். கீழே நிற்கிறவர் அதைக் கடைவாய்ப் பல்லில் கவ்விக்கொள்வார். ஹார்னுக்கு எப்போதும் இடது பக்கம். கவ்விக்கொண்டே பல்லுக்கு நடுவிலிருந்து குரலும் கொடுப்பார். வேறு யாருக்கும் அது கைவரவில்லை. இதை ஒரு பழக்கம் என்று அவர் நினைத்ததே இல்லை. நடக்கும்போது காலை உபயோகிப்பீர்களா என்று கேட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

4

ஸ்கேன் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு கருவி, ஒரு நாற்காலி. மைத்துனன் கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, அடிபட்ட விரலைத் தூக்கி வைத்து நின்றான். ஸ்கேன் எடுக்கிற பெண் ஹார்னின் கன்னத்தில் பசை தடவினாள்.

"ஜில்லுன்னு இருக்கும்ண்ணா. பயப்படாதீங்க, ஊசி கீசி இல்ல."

அவள் விளக்கமாகச் சொன்னாள். தாடைத் தசை சும்மா இருக்கும்போது ஒரு படம், பல்லை இறுக்கிக் கடிக்கும்போது ஒரு படம். கடித்தால் தசை தடிக்கும், விட்டால் மெலியும். அந்த வித்தியாசம்தான் வேண்டும்.

"மொதல்ல கடிச்சுக்கிட்டே இருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. எடுத்தாச்சு. இப்ப நல்லாத் தளர்த்தி விடுங்க. பல்லு பல்லைத் தொடக்கூடாது. ஒண்ணு, ரெண்டு, மூணு."

மூணு சொன்னபோது தளர்த்தித்தான் இருந்தேன் என்று ஹார்ன் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

அவள் திரையைப் பார்த்தாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே படத்தை இரண்டு தடவை எடுத்த மாதிரி இருந்தது. எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவரும் கருவியைப் பிடித்து, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிப் பார்த்தார். அப்போதும் அதே தடிமன்.

"தசைன்னா இப்படி அசையாம இருக்காதே," என்றார் டாக்டர். "உள்ளுக்குள்ள ஏதாவது வளர்ந்திருக்கலாம். ஊசி வச்சுக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிடலாம். நான் ஏற்பாடு பண்றேன்." அவர் போய்விட்டார். அந்தப் பெண்ணும் துணி எடுக்க வெளியே போனாள்.

ஹார்ன் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அந்தக் கட்டிலிலிருந்து பார்த்தபோது கதவு மிகவும் குறுகலாகத் தெரிந்ததாம். இந்தக் கட்டிலை எப்படி உள்ளே கொண்டுவந்திருப்பார்கள், காலைக் கழற்றித்தான் இருக்கும், என்று அவர் மனம் வேறு எங்கும் போகாமல் அதிலேயே நின்றதாம்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"அக்காகிட்ட இப்பச் சொல்லாத."

"எனக்கே ஒண்ணும் விளங்கல. நான் என்னத்தச் சொல்ல?"

"கீழ்ப்பக்கத்துக்கு வேற ஆளு பாத்துக்க."

"எந்த ஆள? வாய் இருக்கிறவனுக்கு எல்லாம் கை வழுவழுன்னு இருக்கு."

ஹார்ன் சிரிக்கப் பார்த்தார். அந்த ஒரு விரல் இடைவெளியில் காற்றுதான் வந்தது.

5

இந்த இடத்தில் நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் மைத்துனன் விரல் வலியை மறந்து இரண்டு எட்டு முன்னால் வந்து, "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைப்பான். டாக்டர் வாயடைத்துப் போவார். எழுதும்போது நன்றாக இருந்தது. மறுநாள் படித்தால் எனக்கே கூச்சமாகிவிட்டது. நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. விரலைத் தடவிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். கண்டுபிடித்தவள் அந்தப் பெண்.

துணியோடு வந்தவள் பசையைத் துடைக்கவில்லை. "இன்னொரு தடவை பாத்துடறேண்ணா. எனக்கு மனசு ஒப்பல" என்று உட்கார்ந்தாள். இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தாள்.

"தளர்த்தி விடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

கட்டில் கிரீச்சென்றது.

"அண்ணா, கட்டில எதுக்குத் தூக்குறீங்க?"

"நான் எங்கம்மா தூக்கினேன்?"

"கையப் பாருங்க."

அவருடைய பத்து விரலும் கட்டில் சட்டத்துக்கு அடியில் கொக்கி போட்டிருந்தன. முழங்கால் மடங்கி, கழுத்து இறுகியிருந்தது. மைத்துனன் குபீரென்று சிரித்துவிட்டான்.

"மூணு சொன்னா அவரு தூக்கிடுவாரும்மா. எங்க வேலையே மூணுலதான். மூணுன்னா மூச்சைப் பிடிச்சு, பல்லைக் கடிச்சு, ஒரே தூக்கு."

"நல்ல ஆளுங்க! நான் எண்ணினதுதான் தப்பா?" அவளும் சிரித்தாள். அப்புறம் எண்ணவே இல்லை. "வீடு மாத்தும்போது எதுண்ணா ரொம்பக் கஷ்டம்? பீரோவா, பிரிட்ஜா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். ஹார்ன் யோசித்தார். யோசிக்கும்போது தாடை தானாகத் தொங்கியது. பட்டென்று படம் எடுத்துக்கொண்டாள். பிறகு "மூணு!" என்றாள். தசை திரையில் திமிறி எழுந்தது.

[திரையில் தெரிந்ததைப் "பிரி பிரியாக முறுக்கிய கயிறு போல" என்று எழுதியிருந்தேன். கதைக்கு வசதியாக இருந்ததால் அடித்துவிட்டேன். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, நடுவில் வெள்ளைக் கோடுகள். கடித்தால் பட்டை தடித்தது, விட்டால் மெலிந்தது. இதுதான் தெரிந்தது.]

வலது கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள். அங்கே தசை ஒல்லியாக இருந்தது.

"இடது பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு தடிச்சிருக்கு? இந்தப் பக்கத்துல என்னதான் கடிக்கிறீங்க?"

"கயிறு."

"எந்தக் கயிறு?"

"பீரோ கட்டுற கயிறும்மா."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"பாக்கு போடுவியான்னு கேட்டாரு. இல்லன்னேன்."

டாக்டர் திரும்ப வந்து புதுப் படங்களைப் பார்த்தார், கயிற்று விஷயத்தையும் கேட்டுக்கொண்டார். ஊசி வேண்டாம் என்றார். தசைதான், பாரம் இழுத்து இழுத்து ஒருபக்கமாகத் தடித்துவிட்டது, தாடை மூட்டையும் சேர்த்து இறுக்குகிறது. வெந்நீர் ஒத்தடம், மெதுவான வாய்ப் பயிற்சி, மென்மையான சாப்பாடு. வேலைக்குப் போகலாம். ஆனால் பல்லில் எதையும் கவ்வக்கூடாது.

"கயித்த மறுபடி கடிச்சீங்கன்னா மூட்டு தேஞ்சிடும். அப்புறம் வாய் பூட்டினது பூட்டினதுதான்."

வெளியே அக்கா கேட்டாள்: "என்னவாம்?"

"வாயை மூடக்கூடாதாம்," என்றார் ஹார்ன்.

"அது ஒண்ணுதான் குறைச்சல்."

6

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடிப்பதற்கு என்னிடம் சில வழிகள் இருந்தன.

ஒன்றில், ஹார்ன் ஒழுங்காக இருந்து மறுபடி ஸ்கேன் எடுக்கிறார், இரண்டு கன்னமும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன, குரல் நாலாவது மாடிக்குக் கேட்கிறது. இதை எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. இன்னொன்றில் அவர் இந்த வேலையை விட்டுவிட்டு ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்காருகிறார். இதை அவரிடம் படித்துக் காட்டினேன். "என்னை உக்கார வச்சே சாகடிக்கிறியா?" என்றார். கிழித்துவிட்டேன்.

கயிற்று நுனியை இடுப்பில் சொருகிக்கொண்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது, செய்தும் பார்த்தோம். திருப்பத்தில் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் கயிறு ஆளையே சேர்த்து இழுக்கிறது. முடிச்சுக்குள் செருகினால் பாதி வழியில் நழுவி வந்துவிடுகிறது. வெட்டிவிட்டால் அடுத்த பெரிய பீரோவுக்கு நீளம் போதாது. மூன்றாவதாக ஒருவர் நின்று பிடிக்கிற அகலத்தில் யாரும் படி கட்டுவதில்லை.

7

ஆகவே மறுபடி படிக்கட்டு. இன்னொரு வீடு, இன்னொரு பீரோ. ஹார்னின் வாய் இப்போது இரண்டு விரல் அளவு திறக்கிறது. குரல் பழையபடி இல்லை, ஆனால் மைத்துனனுக்குக் கேட்கும். படி என்றார், ஏறினான். சாய் என்றார், சாய்த்தான். திருப்பத்தில் பாரத்தைப் படி விளிம்பில் நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். செருகியிருந்த கயிற்று நுனி நழுவி ஹார்ன் பக்கம் விழுந்து பீரோவில் தட்டியது.

"கயிறு வந்துடுச்சா மாமா?"

"வந்துடுச்சு."

"இறக்கி வச்சிட்டுக் கட்டலாமா?"

"இந்தச் சரிவுல இறக்கினா நிக்காது. உருண்டுடும்."

"அப்போ விடுங்க, தொங்கட்டும்."

"என் கால்ல சிக்கினா பாரம் உன் காலுக்குத்தான்டா வரும். ஒரு விரல் நசுங்கினது பத்தாதா?"

"என் விரலு என் பாடு. நீங்க கவ்வாதீங்க."

பாரம் படி விளிம்பிலிருந்து வழுக்கத் தொடங்கியது. இனி நிற்க முடியாது, தூக்க வேண்டும்.

அவன் என்று எழுதினது போதும். நான்தான் நின்றேன். எனக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் ஒரு முழு பீரோ. கயிறு தொங்குகிறதா, பல்லுக்குள் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. குரலை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. கவ்விக்கொண்டே பேசத் தெரிந்தவர் அவர். கீழிருந்து சத்தம் வந்தது.

"ஒண்ணு."

நான் மூச்சைப் பிடித்தேன்.

"ரெண்டு."

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. பார்க்காததை எழுத மாட்டேன். நீங்கள் அவருக்கும் ரெண்டு படி கீழே நிற்கிறீர்கள், திருப்பத்தில் அவர் ஒருக்களித்து நிற்பதால் அங்கிருந்து அவர் முகம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். பாரம் எங்கள் கையில் இருக்கிறது. சீக்கிரம் பார்த்துவிட்டு, அடுத்ததை நீங்களே சொல்லுங்கள்.