இருபதுக்குப் பதிமூன்று

“பரீட்சையில பத்துக்குக் கீழ போனா பெயிலு. பதினஞ்சத் தாண்டுனா டிகிரின்னு மோப்பம் புடிச்சிருவாங்க. பதிமூணு போடு. பதிமூணுதான் சேஃப்” என்றார் ஜெபகுமார்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் மாடியில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறவர் அவர். எனக்குச் சொன்னதையே எனக்கு முன்னால் போனவளுக்கும் சொல்லியிருப்பார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அலைந்து அலைந்து மூளை மழுங்கிப் போயிருந்தது.

நான் சத்யப்பிரியா. பி.இ., எலக்ட்ரானிக்ஸ். பன்னிரண்டாவதில் என் மார்க் சுமார்தான். காலேஜில்தான் எனக்குப் படிப்பு பிடிபட்டது. எட்டு செமஸ்டரில் ஒரு அரியர் கிடையாது. அதெல்லாம் பேசி என்ன ஆகப்போகிறது? இன்ஜினியர் வேலைக்கென்று பதினோரு இன்டர்வியூ போனேன். எல்லோரும் அனுபவம் கேட்டார்கள். கடைசியில் மறைமலை நகரில் ஒரு சின்ன கம்பெனி எடுத்துக்கொண்டது. பதினாலே மாதத்தில் அதை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு போன இடத்திலெல்லாம், இந்த வருஷம் முடித்த பிள்ளைகள்தான் வேண்டுமாம். சரி, லைனில் ஆபரேட்டராகவாவது போகலாம் என்றால், டிகிரி படித்தவர்களை எடுக்க மாட்டார்களாம். நிலைத்து நிற்க மாட்டோம், கேள்வி கேட்போம் என்று பயம். ஒரு இடத்தில் குறைச்சல், இன்னொரு இடத்தில் அதிகம். நல்ல கூத்து.

ஆபரேட்டர் வேலைக்கு முப்பது வயதுதான் வரம்பு. எனக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஒரகடத்தில் இந்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி நேரடியாக ஆள் எடுப்பது இந்தத் தடவைதான். காண்டிராக்ட் இல்லை, கம்பெனி ரோல். இதை விட்டால் எனக்கு எதுவும் இல்லை. அதனால் என் பி.இ.யை மறைக்க முடிவு செய்தேன். பன்னிரண்டாவது மார்க் ஷீட்டை மட்டும் ஃபைலில் வைத்தேன். தமிழில் கையெழுத்துப் போடவும் பழகிக்கொண்டேன்.

கேன்டீனில்தான் பரீட்சை வைத்தார்கள். இருபத்தாறு பேர் எழுதினோம். இருபது கேள்வி, எல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்கு. இருபதையும் மனசுக்குள் போட்டுவிட்டு, எந்த ஏழு கேள்விக்குத் தப்பாக எழுதுவது என்று யோசித்ததில்தான் நேரம் போனது. தப்பிலும் ஒரு நியாயம் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் அதுவும் காட்டிக் கொடுத்துவிடும். சரியான விடையைத் தெரிந்துகொண்டே பக்கத்து விடையில் டிக் போடும்போது எரிச்சலாக வந்தது. என் பேனாவை நானே அதட்டி நகர்த்துவதுபோல இருந்தது.

வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த இசைவாணி ரகசியமாகக் கேட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வாலாஜாபாத் ரோட்டில் ஹாஸ்டலில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

“யக்கா, நீங்க எத்தன சரியா போட்டிய?”

“ஏதோ போட்டேன்.”

“நான் கரெக்டா பதிமூணு” என்று சிரித்தாள்.

எனக்குத் திக்கென்றது. இந்தப் பக்கம் திரும்பி இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்தேன். அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அடப்பாவி ஜெபகுமார்!

அரை மணி நேரத்தில் ஹெச்.ஆர். மேடம் சந்திரலேகா பேப்பர் கட்டோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். அவருக்குக் கோபம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எங்களைவிட அவர்தான் அலுத்துப் போயிருந்தார்.

“இருபத்தாறு பேர் எழுதினீங்க. பத்தொம்போது பேருக்குப் பதிமூணு” என்றார். “இருபதுக்குக் கரெக்டா பதிமூணு எடுக்கணும்னா, முதல்ல இருபதும் தெரிஞ்சிருக்கணும். இல்லையா?”

பேப்பர் கட்டிலிருந்து ஒரு பட்டியலை உருவினார்.

“டிகிரி முடிச்சவங்களத் திருப்பி அனுப்பறதுக்கு எனக்கும் ஆசை இல்லம்மா. ரூல் அப்படி. நான் பேர் சொல்றவங்க மட்டும் இருங்க. மத்தவங்க கிளம்பலாம்.”

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேவிட்டேன். மூன்றாவது பேராக என் பேர் வந்தது.

“சத்யப்பிரியா, பன்னெண்டு. உக்காரும்மா.”

பன்னிரண்டா? ஏழுதானே தப்பாக எழுதினேன்? விரல் விட்டு எண்ணினேன். ஏழேதான். அப்படியென்றால் சரி என்று நினைத்து எழுதியதில் ஒன்று உண்மையிலேயே தப்பு. எட்டாம் வகுப்புக் கணக்கில்! அந்தத் தப்புதான் என்னை நாற்காலியில் திரும்ப உட்கார வைத்தது. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

இசைவாணி போகும்போது என் தோளைத் தொட்டாள். “நீங்க நெசமாவே பிளஸ் டூதானாக்கா? நான் என்னமோ நினைச்சிட்டேன். நல்லா இருங்க.” அவள் மனசாரத்தான் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே சந்திரலேகா மேடம் ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது இன்னான்னு தெரியுமா?”

“தெரியல மேடம்.”

“பன்னெண்டாவதுக்கு அப்புறம் இன்னா பண்ணே?”

“வூட்லதான் மேடம் இருந்தேன்.”

என்னை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு பாரத்தை நீட்டினார். இதற்கு மேல் எதுவும் படிக்கவில்லை, படித்தது எப்போது தெரியவந்தாலும் அன்றைக்கே வேலையை விட்டு நீக்கலாம் என்று அதில் இருந்தது. தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

“நாளைக்கு வூட்டுக்கு வெரிஃபிகேஷனுக்கு ஆள் வருவார். அவர் ஓகே சொன்னாதான் ஆர்டர்” என்றார்.

வீட்டுக்கா? பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது, நான் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பட்டம் வாங்கும் போட்டோதான். வாசலில் நிற்கும் அப்பாவின் டிவிஎஸ் வண்டியில் ‘Er. சத்யப்பிரியா’ என்று சிவப்பு ஸ்டிக்கர் வேறு. என் படிப்புக்காக ஏரிப்பக்கம் இருந்த நிலத்தை விற்றவர் அவர். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் பேர் தெரிவதற்கு முன்னாலேயே, “என் பொண்ணு இன்ஜினியரு” என்று ஆரம்பித்துவிடுவார். எத்தனை தடவை அதற்காக அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்!

நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். தப்பாகிப்போன அந்தக் கணக்கையும் சொன்னேன். குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“வர்றவன்கிட்ட நான் இன்னா சொல்லணும்?” என்றார்.

“பன்னெண்டாவதுன்னு சொன்னா போதும்பா. வேற எதுவும் பேசாத.”

காலையில் சுரண்டுகிற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அம்மா வேறொரு கம்பெனியில் கேன்டீன் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அப்பா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுவரில் போட்டோ இல்லை. அதை லுங்கியில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தார். நான் செய்ய வேண்டிய வேலை. நான் எழுந்திருக்கும் முன்பே முடித்துவிட்டார்.

பத்து மணிக்கு வந்தவர் பேர் டில்லிபாபு. டேப்லெட்டில் வீட்டைப் போட்டோ எடுத்தார், ரேஷன் கார்டைப் பார்த்தார். நான் டீயோடு வந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை படிந்த சுவரில் ஆணிக்குக் கீழே ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

“இங்க இன்னா மாட்டினு இருந்தீங்க?”

“கேலண்டரு சார்” என்றார் அப்பா.

“பொண்ணு எதுவரைக்கும் படிச்சிருக்கு?”

“பன்னெண்டு.”

“அவ்ளோதானா? காலேஜுக்கு அனுப்பலையா? ஒரே பொண்ணு வேற.”

அதோடு நிறுத்துப்பா என்று மனசுக்குள் கெஞ்சினேன். டம்ளர் என் கையில் சுட்டது.

“அனுப்பணும்னு ஆசைதான் சார்” என்றார் அப்பா. அவர் குரல் துளியும் பிசகவில்லை. “மண்டையில ஏறுனாதானே? பன்னெண்டே முட்டி மோதிதான் பாஸ் பண்ணுச்சு. எட்டாங்கிளாஸ் கணக்கு குடுத்தாக்கூட ஒண்ணு தப்பாப் போட்டுட்டு வந்து நிக்கும். இது தலையில இன்னா எழுதியிருக்கோ அதுதான் சார் நடக்கும். லைன் வேலை குடுத்தீங்கன்னா பொழச்சிக்கும்.”

டில்லிபாபு சிரித்தபடி எதையோ டிக் செய்தார். டீயைக் குடித்துவிட்டு, “வேலை கிடைச்சிரும் போ. கவலைப்படாத” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை பொறுத்திருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

“மண்டையில ஏறலையா? எட்டு செமஸ்டர், ஒரு அரியர் உண்டா? ஒண்ணு காட்டு பார்க்கலாம்!”

“இல்லம்மா.”

“அப்புறம் ஏம்பா அப்டி சொன்ன? பன்னெண்டுன்னு சொன்னா போதும்னுதான சொன்னேன்?”

“சும்மா பன்னெண்டுன்னா அவன் நம்பலம்மா. செவுத்தையே பாத்துக்கினு இருந்தான்” என்றார். “அசிங்கமா சொன்னாதான் நம்புவாங்க. பெத்தவன் பொண்ணப் பத்தி அப்டி பொய் சொல்லுவானான்னு.”

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். வேலை கிடைக்கப் போகிறது என்று தெரிந்தது. அழுகையை நிறுத்த அது போதவில்லை.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை முதல் ஷிப்ட், கூட்டு ரோட்டில் காலை ஐந்து பத்துக்கு கம்பெனி பஸ். படித்துக் காட்டினேன். அப்பா தலையாட்டினார். பிறகு அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து போட்டோவை எடுத்து, சுற்றியிருந்த லுங்கியைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்தார்.

“பர்மனென்ட் ஆனதுக்கப்புறம் மாட்டிக்கலாமாம்மா?”

“எப்பத் தெரிஞ்சாலும் வெளியன்னு எழுதி வாங்கிக்கினாங்கப்பா. இந்த ஊர்ல இருந்து எத்தினி பேர் அந்த பஸ்ல வராங்க. யாரு வூட்டுக்கு வருவாங்க, யாரு போய் சொல்லுவாங்கன்னு இன்னா கண்டோம்?”

“அப்போ எப்பவுமே மாட்ட முடியாதா?”

நான் போனை அணைத்து வைத்தேன். அவர் போட்டோவை மறுபடியும் லுங்கியில் சுற்றினார், குழந்தையைச் சுற்றுவதுபோல, மெதுவாக. அடுப்படியில் தொங்கிய உரக்கடை கேலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து கூடத்து ஆணியில் மாட்டினார்.

“கேலண்டர்னு சொல்லிட்டோமில்ல. நாளைக்கு எவனாவது வந்து பாத்தா இருக்கணும்” என்றார்.

கேலண்டர் சின்னது. அதைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளைச் சதுரம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. கிழிக்காமல் விட்டிருந்த மூன்று நாள் தாளை அப்பா கிழித்தார். திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை தாள் என்று புரட்டிப் பார்த்தார்.

“நாலரைக்கெல்லாம் எழுப்பிடறேன். கூட்டு ரோடு வரைக்கும் நானே வண்டில வுட்டுர்றேன்” என்றார்.