இரண்டு தெருவுக்கும் ஒரே பேச்சு

ஆந்திராவின் தமிழ் எல்லையில் இருக்கும் நகரிப் பக்கம் ஓட்டுக் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தமிழ்த் தெருவில், "இந்த ஊர் மெட்ராஸுக்குத்தான் சொந்தம்" என்பார்கள். அப்படியே திரும்பித் தெலுங்குத் தெருவுக்குப் போய், "மெட்ராஸுக்கு ஒரு பிடி மண்ணைக்கூட விடமாட்டேன்" என்று தெலுங்கில் முழங்குவார்கள். கேட்கிற ஜனத்துக்கோ இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு! ஆனாலும் ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். கைதட்டி அனுப்புவதுதான் மரியாதையாம். என்ன மரியாதையோ, கர்மம்!

ஆந்திரா தனி மாநிலமான பிறகு 1955-இல் வந்த சட்டசபைத் தேர்தலில் தாட்சாயணி சுயேச்சையாக நின்றாள். கரும்பு போடுகிற குடும்பம். எட்டாவது வரை படிப்பு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாரை எடுத்துவிட்டபோது, தாய்மார்களைத் திரட்டிக்கொண்டு சித்தூருக்குப் போய் அதிகாரிகள் வாசலில் உட்கார்ந்து, அவரைத் திரும்ப வாங்கி வந்தவள். அந்தப் பேருக்காகத்தான் திருப்பதி அரிசி மில்காரர் வெங்கடரமணன் அவளை நிறுத்தினார். ஜீப் அவருடையது, மைக் அவருடையது, தெலுங்குத் தெரு ஓட்டும் அவர் கைக்குள். அவர் கைவிட்டால் தோல்விதான். அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

தமிழ்த் தெருவில், ஊர் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று பேசிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

"அந்தத் தெருவுல எல்லைப் பேச்சே வாணாம்மா. ரோடு, ஏரின்னு பேசிட்டு எறங்கிடு," என்றார் வெங்கடரமணன்.

"ஏண்ணா, அவங்களுக்குக் காது இல்லியா? நான் பேசினத முனையில நின்னு கேட்டுக்கினுதான இருந்தாங்க."

"கேட்டா என்ன? இப்டித்தான் எல்லாரும் ஜெயிச்சாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெலுங்குத் தெருவில் மைக்கைப் பிடித்து, தமிழில் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் தெலுங்கில் சொன்னாள்.

"மெட்ராஸுக்குப் போறவளுக்கு ஆந்திரா சட்டசபையில இன்னா வேல?" என்று சீறினார் வெங்கடரமணன்.

"வீட்ட விட்டுப் போறதுன்னாலும் வாசல் வழியாத்தாண்ணா போவணும். செவுரேறிக் குதிக்க நான் இன்னா திருடியா?"

அவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். போகட்டுமே!

கூட்டத்திலிருந்து ரத்னம்மா, இடுப்புக் குழந்தையோடு முன்னால் வந்தாள். ஊர் மெட்ராஸோடு போய்விட்டால் தன் பிள்ளைக்குத் தெலுங்கு யார் சொல்லித் தருவது என்று தெலுங்கிலேயே கேட்டாள். நியாயமான கேள்வி.

தமிழ் வாத்தியாருக்காகச் சித்தூரில் உட்கார்ந்த மாதிரி, தெலுங்கு வாத்தியாருக்காக மெட்ராஸில் உட்காருவேன் என்றாள் தாட்சாயணி. ரத்னம்மா நம்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவள் பின்னாலேயே கூட்டமும் ஏசிக்கொண்டே கலைந்தது.

தாட்சாயணி நடந்து தமிழ்த் தெருவுக்குத் திரும்புவதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. கூடப்பிறந்த அண்ணன் செங்கல்வராயன் வழிமறித்தான்.

"தெலுங்கு வாத்தியாருக்குப் போராடுவியாமே? நம்ம ஆளுங்களே ஓட்டுப் போட மாட்டோம்னு குதிக்கிறாங்க. அப்டிச் சொல்லவே இல்லன்னு சொல்லிடு, முடிஞ்சிச்சு."

"சொன்னேன். நாளைக்கும் சொல்லுவேன்."

"ஐயோ, ரெண்டு தெருவும் உன்னத் திட்டிக்கினு இருக்குதுடி! தோத்துப் போயிடுவ!"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணன் பின்னால் கூடியிருந்த தமிழ்த் தெரு ஜனத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

"தோத்தா தோக்கறேண்ணா. இத்தினி நாளா ஓட்டுக் கேக்க வந்தவன்ல எவன ரெண்டு தெருவும் ஒரே பேச்சுக்காகத் திட்டியிருக்குது, சொல்லு பாக்கலாம்?"